லூலுவை எடைபோட்ட டாக்டர்

செய்தி சொன்னவர் காதர் பாய். மதியம் சாப்பிட்டுக் கண் அசந்த நேரத்தில் தொலைபேசி அடித்தது. எடுத்தால் மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. பாய்க்குத் தொலைபேசியில் பேசிப் பழக்கமில்லை. பேரன் எண்ணைப் போட்டுக் கையில் கொடுத்திருக்கிறான். "சிஸ்டரா? நம்ம நயினார் டாக்டரு பூட்டாரும்மா" என்றார். "காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாராம். திண்டிவனத்துலேர்ந்து அவரு புள்ள சொல்லி அனுப்பிச்சிது." ரிசீவரை எப்படி வைப்பதென்று தெரியாமல் பாய் அதைக் காதில் வைத்துக்கொண்டே அழுதார். நானும் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேல்சித்தாமூரில் அவருடைய படத்திறப்புக்குப் போயிருந்தேன். இதைப் படிக்கிற செஞ்சிக்காரர்களில் பலரும் வந்திருந்தீர்கள். மேடையேறிய ஒருவர், டாக்டர் தரணேந்திரன் கோபமே அறியாதவர் என்றார். இன்னொருவர், அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர் என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மாட்டின் வாலை முறுக்கி முறுக்கி ஓட்டிவந்த வண்டிக்காரன் ஒருவனை, செஞ்சி மாட்டாஸ்பத்திரி வாசலிலிருந்து திண்டிவனம் ரோடு வரைக்கும் செருப்பில்லாமல் விரட்டிக்கொண்டு ஓடியவர் அவர். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்தவற்றை இங்கே எழுத முடியாது. செத்தவரைப் பற்றிப் பேசும்போது ஒரு கைப்பிடி சேர்த்துப் போடுவது நம் வழக்கம். அவருக்கு அது பிடிக்காது. "மனசுல இருக்கிறதச் சொல்லாத, முள்ளுல இருக்கிறதச் சொல்லு" என்று ஓயாமல் சொல்வார். அவர் சொன்னது தராசு முள்ளை. அந்தப் பேச்சு அவர் வாயில் எப்படி ஏறியது என்பதைக் கண்ணால் பார்த்தவர்களில் நானும் பாயும்தான் மிச்சம் இருக்கிறோம். அதனால் எழுதுகிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செஞ்சிப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு நர்சாக வந்தேன். எங்கள் வார்டுக்கும் மாட்டாஸ்பத்திரிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்றுதான் இருந்தது. சந்தை நாளில் அந்தப் பக்கம் காளைகளுக்குக் காயடிப்பார்கள். அவை போடுகிற கத்தலில், இந்தப் பக்கம் வலி எடுத்துப் படுத்திருக்கும் பெண்கள் மிரண்டு எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் சுவரருகே போய், "எங்க பொம்பளைங்க பயப்படறாங்க, வேற நேரத்துல வெச்சுக்கக் கூடாதா?" என்று சத்தம் போட்டேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்த ஓர் உயரமான மனிதர், மூக்கணாங்கயிற்றை விடாமல் திரும்பிப் பார்த்தார். "உங்க பொம்பளைங்க கத்தற கத்தல்ல எங்க காளைங்க மிரளுது சிஸ்டர். அத யார்கிட்ட நான் சொல்றது?" என்றார். அதுதான் எங்கள் அறிமுகம். ஆனால் மறுவாரத்திலிருந்து காயடிப்பு, எங்கள் வார்டில் பிரசவம் இல்லாத நேரமாகப் பார்த்து நடந்தது. கம்பவுண்டரை அனுப்பி முதலில் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவார்.

அவர் சமணர். எங்கள் பக்கத்தில் தமிழ்ச் சமணர்களை நயினார் என்பார்கள். ஊர் அவரை நயினார் டாக்டர் என்றே கூப்பிட்டது. பொழுது சாய்ந்த பிறகு சாப்பிட மாட்டார். சாயங்காலம் ஆனதும் அவர் கண் அடிக்கடி மேற்கே ராஜகிரிப் பக்கம் போகும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்குவதற்குள் வீட்டுக்குப் போய்க் கை கழுவ வேண்டும். அந்த நேரத்தில் மாட்டைக் கொண்டுவருகிறவர்களுக்கு நல்ல வசவு கிடைக்கும். வைதுகொண்டேதான் வைத்தியம் பார்ப்பார். பொய் சொல்வதும் அவருக்கு ஆகாது. பொழைக்குமா என்று யார் கேட்டாலும், "தெரியாது, பாத்துக்கறேன்" என்பார். நல்ல வார்த்தை ஒன்று சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று பல தடவை அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

இனிப் பச்சையம்மாளுக்கு வருகிறேன். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டில் வெகுகாலம் சமையல் வேலை பார்த்தவள். அவர்கள் ஊரைக் காலி செய்துகொண்டு கப்பல் ஏறியபோது, தாங்கள் வளர்த்த நாயை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அவள் ஒரு தகரப் பெட்டியும் அந்த நாயுமாகச் செஞ்சிக்குத் திரும்பிவந்தாள். புருஷன் இல்லை, பிள்ளைகள் இல்லை. நாயின் பெயர் லூலு. அவ்வளவு சின்ன நாயைச் செஞ்சி அதுவரை பார்த்ததில்லை. வெள்ளை முடி, நரி மூஞ்சி. புடவைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் வைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. முதல் வாரம் அவள் வீட்டு வாசலில் வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தேர்க்கூட்டம்போல இருந்ததாம். குரங்குக் குட்டி, முயல், வெள்ளைக்கார எலி என்று ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். பச்சையம்மாள் அதனிடம் பேசுவது பிரெஞ்சும் தமிழும் கலந்த ஒரு பாஷை. நாய்க்குப் புரிந்தது, எங்களுக்குத்தான் புரியவில்லை.

ஒருநாள் அவள் லூலுவை முந்தானையில் மூடிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள். அன்று காளைக்கு ஒரு கட்டுப் போட டாக்டர் நல்ல துணி கேட்டிருந்தார் என்று நானும் அங்கே போயிருந்தேன். லூலுவின் தொப்புளில் நெல்லிக்காய் அளவுக்கு ஓர் உருண்டை பிதுங்கியிருந்தது. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் வெளியே வரும். பிறவியிலேயே வயிற்றுச் சுவரில் ஓட்டை. அதன் வழியே குடல் எட்டிப் பார்க்கிறது என்றார் டாக்டர். ஆனால் பச்சையம்மாளின் பயம் வேறு. "இன்னும் கொஞ்ச நாள்ல இதுக்குப் பருவம் வந்துடும் சாமி. போன தடவ தெருநாய்ங்க கதவப் பிராண்டிக் கீழ்ப் பலகையே பேந்துபோச்சு. ஒருநாளு நான் கண்ணசந்தா போதும். அந்தத் தடி நாய்ங்க குட்டி இது வயித்துல தங்குமா? கிழிஞ்சி செத்துடும் சாமி" என்று அழுதாள். அவள் சொன்னது சரிதான். சினை பிடித்தால் அந்த ஓட்டையே அதற்கு எமன்.

கருப்பையை எடுத்துவிட வேண்டும், அதே கீறலில் தொப்புள் ஓட்டையையும் தைத்து மூட வேண்டும். இரண்டும் வயிற்றின் நடுக்கோட்டிலேயே இருப்பதால் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம் என்றார் டாக்டர். சொல்லிவிட்டுத் தன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். மெட்ராஸில் படித்தபோது பெரிய சாதி நாய்களுக்குச் செய்து பழக்கம் உண்டாம். இவ்வளவு சிறியதைத் தொட்டதே இல்லையாம். "மயக்க ஊசி மருந்த எடைக்குத் தக்க அளக்கணும் பச்சையம்மா. ரெண்டு கிலோவாச்சும் இருந்தாத்தான் என்னால அளந்து போட முடியும். அதுக்குக் கீழன்னா ஒரு துளி கூடப் போனாலும் மூச்சு நின்னுடும். நல்லா சோறு போடு. ரெண்டு கிலோ ஆச்சுன்னா தூக்கிட்டு வா."

ஊரில் இது பெரிய கேலியாகிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஆள் பிடிக்க நாங்கள் வீடு வீடாக ஏறி இறங்கிய காலம் அது. எங்கள் வெள்ளைப் புடவையைக் கண்டதுமே பெண்கள் கொல்லைப்புறமாக ஓடுவார்கள். "மனுஷங்க யாரும் மாட்டலன்னு நாய்க்குப் பண்றாங்களா சிஸ்டர்?" என்று காய்கறிக்காரி வரைக்கும் என்னைக் கேட்டாள். பச்சையம்மாள் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நெய்ச்சோறு, முட்டை, பால் என்று ஊட்டினாள். தினமும் லூலுவைத் தூக்கிக்கொண்டு வேர்க்கடலை மண்டிக்குப் போவாள்.

அங்கே எடை போடுகிறவர்தான் காதர் பாய். அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் காலத்திலிருந்தே செஞ்சிதான். கிலோக் கல் வந்த புதிது. பழைய வீசைக் கணக்கிலிருந்து எல்லாரும் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பாய்தான் ஊருக்கே கிலோ சொல்லிக்கொடுத்தவர். சாம்பிள் கடலை நிறுக்கிற சின்னத் தராசில் லூலுவை உட்காரவைப்பார். எதிர்த்தட்டில் இரண்டு கிலோ கல்லை வைத்ததும் லூலு உயரப் போய்விடும். தினமும் இதுதான் கதை. மண்டியில் ஒரு வழக்கம் உண்டு, உங்களில் கடலை போட்டவர்களுக்குத் தெரியும். விவசாயி கொண்டுவரும் மூட்டைக்கு மண், சாக்கு, ஈரம் என்று சொல்லி எடையைக் கழிப்பார்கள். ஏழை எளியவர் சில்லறைக்குக் கேட்டால் கல் இருக்கும் தட்டின் ஓரத்தில் ஒரு விரலை வைத்துக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பார்கள். முள் பாட்டுக்கு எங்கோ நிற்கும். எடையைச் சொல்வது பாயின் வாய்தான்.

சித்திரை மாதத்தில் ஒருநாள், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். பச்சையம்மாள் ஓட்டமாக வந்தாள், பின்னாலேயே பாயும் வந்தார். "ரெண்டு கிலோ ஆயிடுச்சு சாமி! பாயக் கேளுங்க!" என்றாள். டாக்டர் பாயைப் பார்த்தார். "தாராளமா இருக்குது சார்" என்றார் பாய். தெருநாய்கள் அவள் வீட்டைச் சுற்ற ஆரம்பித்துவிட்டன என்பது எனக்கு அப்போதே தெரியும். டாக்டர் வெயிலைப் பார்த்தார். மேற்கு ஜன்னலில் நல்ல வெளிச்சம் இருந்தது. இன்றைக்கே முடித்துவிடலாம் என்று, சுவருக்கு இந்தப் பக்கம் நின்ற என்னைக் கூப்பிட்டார். அவரிடம் இருந்த ஊசிகள் காளைக்கானவை. ஒவ்வொன்றும் கோணி ஊசி மாதிரி இருக்கும். எங்கள் லேடி டாக்டரிடம் கேட்டு, குழந்தைகளுக்கு வைத்திருந்த மெல்லிய ஊசிகளையும் சின்னக் கவ்விகளையும் வாங்கிக்கொண்டு போனேன். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கொடுத்தார். "மாட்டு டாக்டர் கை உள்ள போற அளவுக்கு அந்த நாய்க்கு வயிறு இருக்கா?" என்று கேட்டார்.

டாக்டரின் மேஜை மேல் இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, வேகவைத்த துணியை விரித்து லூலுவைக் கிடத்தினோம். ஊசி போட்டதும் தூங்கிவிட்டது. ஈரப் பஞ்சால் வயிற்றைத் துடைத்தபோது முடியெல்லாம் ஒட்டிக்கொண்டு, அது ஓர் அணில் அளவுக்குச் சுருங்கிப்போனது. அப்போதே எனக்கு மனசு என்னவோபோல் இருந்தது. டாக்டர் கீறினார். அத்தனை பெரிய கை, அவ்வளவு மெதுவாக வேலை செய்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காளையை மடக்கிப் போடுகிற கைதானா இது என்று இருந்தது. தும்பு மாதிரி இருந்த கருப்பைக் குழாய்களைத் தேடி எடுத்து, கட்டுப்போட்டு, வெட்டி என் தட்டில் வைத்தார். இரத்தம் கசியவில்லை. பிதுங்கியிருந்த குடலை விரல் நுனியால் உள்ளே வழியனுப்பிவிட்டு, ஓட்டையின் விளிம்புகளை இழுத்துச் சேர்த்துத் தைக்கத் தொடங்கினார். பாதித் தையலில் நான் நாக்கைப் பார்த்தேன். நாவற்பழ நிறத்துக்குப் போயிருந்தது.

"சார், மூச்சு இல்ல."

அவர் ஊசியை அப்படியே விட்டார். காதை நெஞ்சில் வைத்தார். "அடிக்குது. ஆனா மூச்சுதான் இல்ல" என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "பொறந்த குழந்த அழலன்னா நீங்க இன்னா செய்வீங்க சிஸ்டர்?"

"வாயைத் தொடச்சிட்டு ஊதுவோம் சார். நெஞ்சுக் காத்தக் குடுக்கக் கூடாது, கன்னத்துக் காத்து போதும்."

அடுத்த நொடியே குனிந்தார். அதன் வாயைக் கையால் மூடி, மூக்கில் தன் வாயை வைத்து, கன்னத்தை உப்பி உப்பி ஊதினார். நான் ஒரு கையால் வயிற்றுத் துணியை அழுத்திக்கொண்டு, மறு கையின் இரு விரலால் விலாவைத் தேய்த்தேன். அவர் நெற்றி வியர்வை லூலுவின் மேல் சொட்டியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நான் மனசுக்குள் கைவிட்டுவிட்டேன். அவர் விடவில்லை. கடைசியில் ஒரு விக்கல் வந்தது. பிறகு இன்னொன்று. அப்புறம் அந்தச் சின்ன நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. டாக்டர் வாயைக்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை; கையைக் கழுவிக்கொண்டு வந்து மீதித் தையலைப் போட்டார்.

"உடம்பு சில்லுன்னு இருக்குது. இவ்வளவு சின்ன உடம்புல சூடு நிக்காது. சூடு வேணும்" என்றார். எங்கள் வார்டில் இருந்த வெந்நீர்ப் பை ஓட்டை. ஜன்னலுக்கு வெளியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்ற காதர் பாய், "சூடுதானே சார்?" என்று கேட்டுவிட்டு ஓடினார். திரும்பி வந்தபோது தோளில் அரைச் சாக்கு வேர்க்கடலை இருந்தது. மண்டிக் களத்தில் சித்திரை வெயிலில் காலையிலிருந்து காய்ந்த கடலை. கையை விட்டால் சுட்டது. அதன் மேல் துணியைப் போட்டு லூலுவைப் படுக்கவைத்தோம். அரைச் சாக்குக் கடலை அவ்வளவு நேரம் சூடு தாங்கும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு காத்திருந்தோம். பச்சையம்மாள் சாக்குக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அந்தக் கலப்புப் பாஷையில் லூலுவின் காதில் பேசிக்கொண்டே இருந்தாள். "பொழைக்குமா சாமி?" என்று கேட்டாள். "தெரியாது, பாத்துக்கறேன்" என்றார் டாக்டர். அந்த நேரத்தில்கூட ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனுஷன் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஊசிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு கிலோ நாய் இந்த மருந்துக்கு இப்படி ஆவாதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

பாய் கதவோரத்திலிருந்து வந்து அவர் முன்னால் நின்றார். முகம் வெளுத்திருந்தது. "சார், அது ரெண்டு கிலோ இல்ல. ஒண்ணரைக்கு மேல கொஞ்சந்தான். அந்தம்மா அழுதுது. நாய்ங்க கதவ ஒடைக்குது, இன்னிக்கு ஆவலன்னா எப்பவும் ஆவாதுன்னு சொல்லிச்சு. மனசு கேக்கல சார். அது இருந்த தட்டு மேல சுண்டுவிரல வெச்சிட்டேன். எடைன்னா உங்க மருந்துக்குன்னு எனக்குத் தோணல. நல்லது செய்யறதா நெனச்சுச் செஞ்சிட்டேன்."

பச்சையம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "பாயி ஒண்ணும் பண்ணல சாமி. நாந்தான் கூட்டிச் சொல்லச் சொன்னேன். நானே எம் புள்ளையக் கொல்லப் பாத்தேன்."

வண்டிக்காரனை விரட்டியவர் ஆயிற்றே, என்ன நடக்கப்போகிறதோ என்று நான் எழுந்து நின்றுவிட்டேன். டாக்டர் கத்தவில்லை. ஊசிக் குழாயை மேஜைமேல் வைத்தார். "கடலைக்குக் கழிச்சுச் சொல்ற, நாய்க்குக் கூட்டிச் சொல்ற. ஒருநாளாச்சும் மனசுல இருக்கிறதச் சொல்லாம முள்ளுல இருக்கிறதச் சொல்லேன் பாய்" என்றார். பிறகு குரல் இறங்கிவிட்டது. "தப்பு உன்னுது இல்ல. மருந்து போடறவன் நான். தராசுல நான் வெச்சுப் பாத்திருக்கணும்." மேற்கே சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது. அவர் வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போனான். அவர் அசையவில்லை. இருட்டு கட்டுகிற நேரத்தில் சாக்கிலிருந்த கடலை சலசலத்தது. லூலு தலையைத் தூக்க முயன்று, முடியாமல், வாலை மட்டும் ஆட்டியது. பச்சையம்மாள் டாக்டரின் காலில் விழுந்தாள். அவர் அவளைத் தூக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அன்றிரவு அவர் பட்டினி. மறுநாள் காலையில் வந்து, "என்னாத்துக்கு அழுதேன்னு தெரியல சிஸ்டர், பசியாத்தான் இருந்திருக்கும்" என்றார்.

அந்த வாரமே பாய் மண்டியிலிருந்து பழைய தராசு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டாஸ்பத்திரி உத்தரத்தில் மாட்டினார். கல்லெல்லாம் முத்திரை போட்டவை. அதற்குப் பிறகு ஆட்டுக்குட்டியோ கோழியோ கன்றோ, தட்டில் ஏறாமல் அங்கே மருந்து வாங்கியதில்லை. டாக்டரே நிறுப்பார், முள் நிற்கும் வரை மூச்சுக்கூட விட மாட்டார். எங்கள் ஆஸ்பத்திரியில் குழந்தை நிறுக்கும் மெஷின் ரிப்பேராகி மூலையில் கிடந்ததா, தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுவரைத் தாண்டிப் போக ஆரம்பித்துவிட்டார்கள். "மாட்டாஸ்பத்திரில போட்டாத்தான் எடை சரியா இருக்குது" என்று ஊரில் பேச்சு. எனக்கு மானம் போயிற்று. டாக்டர் குழந்தைகளை நிறுத்துவிட்டு, "சிஸ்டர், உங்க கன்னுக்குட்டி ஒண்ணு எளைச்சிருக்குது, பாருங்க" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். செஞ்சியில் இன்று நாற்பதைத் தொடுகிறவர்களில் பலர் அந்தத் தட்டில் படுத்து உதைத்தவர்கள்தான். இதைப் படிக்கிற உங்களில் யாராவது இருக்கலாம்.

லூலு நன்றாகத் தேறிவிட்டது. தையல் போட்ட இடத்தில் மெல்லிய கோடு மட்டும் இருந்தது. தெருநாய்கள் ஏமாந்து வேறு தெருவுக்குப் போயின. பச்சையம்மாளுக்கு மட்டும் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. "பாயி என்னால சொன்ன பொய்ய நான் நெசமாக்கணும் சாமி. இத ரெண்டு கிலோ ஆக்காம நான் வுட மாட்டேன்." மாதம் ஒருமுறை லூலுவைக் கொண்டுவந்து தட்டில் வைப்பாள். டாக்டர் இரண்டு கிலோ கல்லை எதிரே வைப்பார். லூலு உயரப் போகும். "இல்ல பச்சையம்மா. இன்னும் வரல" என்பார். ஒரு மாதம்கூட ஒரு கடலை அளவு கூட்டிச் சொன்னதில்லை. ஒருமுறை முள் நடுவை நெருங்கிவிட்டது. அவள் கைதட்டப் போனாள். "கிட்ட வந்திருக்குது. வந்துட்டுதுன்னு சொல்ல முடியாது" என்றார். எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாய்க்காக இவ்வளவு கறாரா என்று அவரிடமே கேட்டேன். "அந்தக் கூட்டிச் சொன்ன எடையாலதானே அன்னிக்கு அதும் மூக்குல நான் ஊதினேன்?" என்றார்.

அறுபதுகள் முடியப்போகும் சமயம். லூலுவுக்கு வயதாகிவிட்டது. கண் மங்கியது, பல் விழுந்தது, சாப்பாடு குறைந்தது. ஒருநாள் காலை பச்சையம்மாள் வெள்ளைத் துணி ஒன்றில் சுற்றி எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு வந்தாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அவள் நடையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. சுவரைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். அவள் அழவில்லை. "விடியக்காலைல தூக்கத்துலயே பூட்டுது சாமி. பொதைக்கறதுக்கு முன்னால ஒருதரம் நிறுத்துடுங்க. ஒருநாளும் வரலியே. இன்னிக்காச்சும் வந்துதான்னு பாத்துட்டு எடுத்துட்டுப் போறேன்" என்றாள்.

டாக்டர் எழுந்து வந்தார். துணியோடு வாங்கித் தட்டில் வைத்தார். எதிர்த்தட்டில் இரண்டு கிலோ கல்லை வைத்தார். நான் அவருக்குப் பக்கத்தில் நின்றேன். லூலு இளைத்துத் துரும்பாகிப்போயிருந்தது, துணியோடு சேர்த்தும் தட்டு மேலே போய்விட்டது. பச்சையம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நிமிர்வதற்குள் டாக்டர் லூலு இருந்த தட்டின் அடியைப் பிடித்து ஆட்டம் நிற்பதற்காகத் தாங்குகிறவர் மாதிரி குனிந்தார். அவருடைய சுண்டுவிரல் தட்டின் ஓரத்தில் ஏறியது. தட்டு மெதுவாக இறங்கியது. முள் நடுவில் வந்து நின்றது.

"வந்துட்டுது பச்சையம்மா" என்றார். "ரெண்டு கிலோ. சரியா இருக்குது, பாரு."

அவள் முள்ளைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. "வந்துட்டியாடி" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். லூலுவை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு போனாள்.

அவள் வாசலைத் தாண்டியதும் நான் கேட்டேன். "முள்ளு அப்படிச் சொல்லலியே சார்?"

அவர் கல்லை எடுத்துப் பெட்டியில் வைத்தார். கையைக் கழுவினார். என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "இப்ப ஊசி போடப் போறதில்லியே சிஸ்டர்."

இவ்வளவு வருஷமாக இதை நான் யாரிடமும் சொல்லாமலிருந்தேன். படத்திறப்பு முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் காதர் பாயிடம் சொன்னேன். பாய் தன் சுண்டுவிரலைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். "இது எனக்குத் தெரியாமப் போச்சே. தெரிஞ்சிருந்தா ஒருதரம் அவரு கையப் புடிச்சிருப்பேன்" என்றார். பச்சையம்மாளும் போய்ப் பல வருஷம் ஆகிறது.

டாக்டர் தரணேந்திரன் முன்கோபக்காரர், வாய்த்துடுக்கு உள்ளவர், நல்ல வார்த்தையை எண்ணி எண்ணிச் செலவழித்தவர். முள் சொன்னதைச் சொல்லிவிட்டேன், ஒரு கைப்பிடி சேர்க்கவில்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். ஆயுள் முழுக்கப் பொய் சொல்லாத ஒரு மனிதர் ஒரே ஒரு காலையில் தராசுத் தட்டின் மேல் வைத்த அந்தச் சுண்டுவிரல். அதன் கனம் இன்னும் என் நெஞ்சில் இருக்கிறது.